ஒரே வீட்டில் இரண்டு எஸ்.எஸ்.எல்.சி.

எஸ்.எஸ்.எல்.சி. படிப்பது சம்பளம் இல்லாத உத்தியோகம். ஆனால் மேலதிகாரிகளுக்கு மட்டும் குறைவே இருக்காது. பதினொன்றாம் வகுப்புதான் அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பு. அதைப் படித்துக்கொண்டே சர்ச்சில் பாட்டும் பாடியவர்கள் யாராவது இதை வாசித்தால், நான் சொல்வதற்கு முன்பே பெருமூச்சு விடுவீர்கள் என்று தெரியும்.

அறுபதுகளின் கடைசியில், விருத்தாசலத்தில், எனக்கு மூன்று மேலதிகாரிகள். பள்ளிக்கூடத்தில் சரோஜா டீச்சர்; வகுப்பு டீச்சரும் அவரே, கணக்கு டீச்சரும் அவரே. சபையில் போதகர். வீட்டில் அம்மா. அப்பா இந்தக் கணக்கில் வர மாட்டார். அவர் பீங்கான் கம்பெனியில் அச்சுக்குள் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்தால் தலைமுடியிலிருந்து கால் நகம் வரை வெள்ளையாக வருவார், குளிப்பார், சாப்பிடுவார், படுத்துவிடுவார்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபம், பிறகு படிப்பு. ஆறு மணிக்குத் தெருக்குழாய்க்குக் குடத்தோடு ஓட வேண்டும். சின்னத் தம்பிகள் இரண்டு பேரைக் குளிப்பாட்டிக் கிளப்பிவிட்டு நானும் பள்ளிக்கூடம் போக வேண்டும். செவ்வாயும் சனியும் பாடகர் குழுப் பயிற்சி, புதன்கிழமை வாலிபர் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனை, அது முடிந்ததும் சண்டே ஸ்கூலில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் டீச்சர். முதல் தடவையிலேயே பாஸ் செய்தால் கடலூரில் காலேஜில் பி.யூ.சி. சேர்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். ஃபெயிலானால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐயர் வூட்டுக் கல்யாணம்

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி ஐயரம்மா. பிறந்ததிலிருந்து அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டதால், அந்த வார்த்தைக்கு ஊரில் வேறொரு அர்த்தமும் இருக்கிறது என்பது எங்களுக்கு நினைவிலேயே இருக்காது. ஜூலையில் ஐயர் மகளுக்குக் கல்யாணம் வந்தது. 'எங்கள் ஐயர் வீட்டுக் கல்யாணத்தில் நான் பாட வேண்டியிருப்பதால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு தர வேண்டுகிறேன்' என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன்.

சரோஜா டீச்சர் அந்த வருஷம்தான் சிதம்பரத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். லெட்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டார். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் என்றேன். மாப்பிள்ளை பெயர் கேட்டார். எபநேசர் என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு லெட்டரை மறுபடியும் படித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐயர் என்றால் எங்கள் போதகர் என்று விளக்கிச் சொன்னேன். கல்யாணத்தில் சாப்பாடு என்ன என்று கேட்டார். ஆட்டுக்கறி பிரியாணி என்றேன். சிரிக்காமல் கையெழுத்துப் போட்டு, லெட்டரை மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்:

"ஐயர் வூட்டுக் கல்யாணத்துல பிரியாணி போடறாங்கன்னா, முன்னாடியே சொல்லியிருந்தா நானும் லீவு போட்டிருப்பேன்."

சுட்டாரா, சுடலையா?

சண்டே ஸ்கூலில் என் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள். பாதிப் பேரின் அப்பாக்கள் பீங்கான் வேலை பார்க்கிறவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் சயின்ஸ் பரீட்சை என்பதால் எதையும் தயார் செய்யாமல் போய்விட்டேன். எல்லாருக்கும் தெரிந்த கதையாக இருக்கட்டும் என்று ஆண்டவர் மண்ணினால் ஆதாமை உண்டாக்கிய கதையைச் சொன்னேன். மண்ணைப் பிசைந்தார், உருவம் செய்தார், மூக்கில் ஊதினார், ஆதாம் எழுந்து உட்கார்ந்தான்.

முதல் வரிசையில் இருந்த மோசஸ் கையைத் தூக்கினான். ஆறு வயது. அவன் அப்பா சூளையில் தீ போடுகிறவர். "காயவச்சாரா டீச்சர்?" என்று கேட்டான். காயவைத்தார் என்று வைத்துக்கொள் என்றேன். சூளையில் வைத்துச் சுட்டாரா என்று கேட்டான். அப்படி வேதத்தில் எழுதவில்லையே, சுடவில்லை என்றேன். எத்தனையோ வருஷமாக யாரும் கவனிக்காத ஒரு தப்பைக் கண்டுபிடித்தவன் மாதிரி அவன் பக்கத்தில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களும் தலையை ஆட்டினார்கள். எல்லாருமே சூளை பார்த்து வளர்ந்த பிள்ளைகள். நான் அடுத்த கதைக்குப் போய்விடலாம் என்று, பேழை கட்டிய நோவா என்று ஆரம்பிப்பதற்குள் மோசஸ் முடித்துவிட்டான்:

"சுடாத மண்ணு தண்ணி பட்டா கரைஞ்சிடும் டீச்சர். அதான் அந்த வெள்ளத்துல எல்லாரும் போயிட்டாங்க."

இருபத்தேழு

காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் எனக்கு இருபத்தேழு மார்க்கு. பாஸ் மார்க்கு முப்பத்தைந்து. விடைத்தாளில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அப்பா தூங்கிக்கொண்டிருந்ததால் அம்மாவிடம் நீட்டினேன். திட்டு விழும் என்று நின்றேன். அம்மா இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு முப்பத்தொண்ணு" என்றாள்.

அம்மா பெயர் சாராள்; வேதத்தில் தொண்ணூறு வயதில் பிள்ளை பெற்றவளின் பெயர். மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்தவள் என்பது தெரியும். எஸ்.எஸ்.எல்.சி. வரை வந்து, கணக்கில் நாலு மார்க்கில் போனவள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுபடி எழுதலாம் என்று இருந்தபோது கல்யாணம், பிறகு நான், பிறகு தம்பிகள். பதினெட்டு வருஷம் போய்விட்டது. சபையில் மாதர் சங்கத்துக்குக் காரியதரிசி. அறிக்கை எழுதினால் ஐயரே பாராட்டுவார். அதனால் அம்மா பாஸானவள் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா யாரையும் திருத்தவில்லை.

அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் நான் தூங்கி விழாமல் இருக்க அம்மாவும் எதிரே வந்து உட்கார்ந்தாள். சும்மா உட்காரப் பிடிக்காமல் என் அல்ஜீப்ரா புத்தகத்தை எடுத்தாள். எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டாள். தெரியாத எண்ணுக்கு நாம் வைக்கிற பெயர், அது இருக்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் அது யார் என்று தெரிந்துவிடும் என்றேன். என் டீச்சர் எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். எனக்கே அது புரிந்திருக்கவில்லை. அம்மா என் பென்சிலை வாங்கினாள். பிறகு ஒரு கணக்கைப் போட்டாள். விடை சரியாக வந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பாக்காததை இருக்குதுன்னு நம்பணும், கடைசில அது தெரியும். விசுவாசம்தான்டீ இது. இத அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா நான் பாஸாயிருப்பேன்."

ரெண்டு கையெழுத்து

அதற்குப் பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை. சாம்பார் கொதிக்கிற நேரத்தில் ஒரு கணக்கு, தம்பிகள் சாப்பிடுகிற நேரத்தில் ஒரு கணக்கு. தாள் கிடைக்காதபோது என் வீட்டுப்பாட நோட்டிலேயே போட்டுவிடுவாள். ஒரு நாள் நான் அவசரத்தில் கவனிக்காமல் அந்த நோட்டை டீச்சர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் சரோஜா டீச்சர் எல்லாரும் போன பிறகு என்னை நிறுத்தினார். நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். ஒரு பக்கத்தில் என் கோழிக் கிறுக்கல். எதிர்ப்பக்கத்தில் அம்மாவின் முத்து முத்தான எழுத்து, அந்தக் காலத்து போர்டிங் எழுத்து. யாரையோ வைத்து வீட்டுப்பாடம் எழுதி ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருப்பார் என்று பயந்து, கண்ணில் தண்ணீர் வர, இருபத்தேழிலிருந்து முப்பத்தொன்று வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீச்சர் நோட்டை மூடினார். அம்மாவுக்கு என்ன வயது என்று மட்டும் கடைசியில் கேட்டார். முப்பத்தாறு என்றேன். தனித்தேர்வராக அம்மாவே பரீட்சை எழுதலாம், பாடத்திட்டம் மாறிவிட்டதால் எல்லாப் பாடமும் எழுத வேண்டியிருக்கும், விண்ணப்பப் பாரம் நானே வாங்கித் தருகிறேன் என்றார். பிறகு நோட்டை என் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்:

"ரெண்டு கையெழுத்து இருக்குதுன்னு நான் கூப்பிடல. ஒரு கையெழுத்துல மட்டும் எல்லா விடையும் சரியா இருக்குது. அது யாருதுன்னு தெரிஞ்சுக்கத்தான் கூப்பிட்டேன்."

நன்னடத்தைச் சான்று

பாரத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. நான்கு நாள் அது பைபிளுக்குள்ளேயே இருந்தது. ஒரு தடவை போனது யாருக்கும் தெரியாது. இந்தத் தடவை போனால் ஊருக்கே தெரியும், மாதர் சங்கத்தில் எப்படி முகம் காட்டுவது என்பதுதான் அவள் கவலை. அப்பாவிடம் கேட்டாள். "எழுது" என்றார் அப்பா. அவ்வளவுதான் அவர் பேச்சு.

பாரத்தோடு ஒரு பெரிய மனிதர் தரும் நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று போட்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய மனிதர் ஐயர்தான். ஒரு சாயங்காலம் நானும் அம்மாவும் போனோம். அம்மா முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். ஐயர் உடனே மேசைக்குப் போய் அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசியில் அம்மா வாயைத் திறந்து, சபையில் யாருக்கும் தெரிய வேண்டாம், ஐயரம்மாவுக்குக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். ஐயர் மையை ஊதிக் காயவைத்துக்கொண்டே பதில் சொன்னார்:

"யாருகிட்டயும் சொல்லலம்மா. ஜெபத்துல மட்டும் சொல்லிக்கலாமா, இல்ல அங்கயும் ரகசியமா வச்சுக்கணுமா?"

ஜெபத்துடன் முடிவுற்றது

இப்படியாக என் மூன்று மேலதிகாரிகளில் ஒருவர் எனக்கு மாணவியானார். வேலை குறையும் என்று நினைக்காதீர்கள். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அரையாண்டுப் பரீட்சை, பாட்டுப் பயிற்சி, சண்டே ஸ்கூல் நாடகம், முறுக்கு சுடுவது எல்லாம் ஒன்றாக வந்தன. அதோடு அம்மாவுக்குச் சமூகப் பாடத்தில் ஒப்பிக்கக் கேட்பதும் சேர்ந்தது. மாதர் சங்கத்து அம்மாக்கள் வந்தால் புத்தகத்தை முறத்துக்கு அடியில் தள்ளிவிட்டு அரிசி புடைக்க ஆரம்பித்துவிடுவாள். அந்த வருஷம் எங்கள் வீட்டு அரிசியில் கல் என்பதே கிடையாது.

தமிழில் அம்மா கெட்டிக்காரி, கட்டுரையை அவளே பார்த்துக்கொள்வாள் என்று விட்டிருந்தேன். ஜனவரியில் ஒரு நாள், ரயில் பயணம் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். நன்றாகவே எழுதியிருந்தாள். விருத்தாசலம் ஜங்ஷனில் எந்த ரயில் எந்தப் பக்கம் பிரிகிறது என்பதெல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. கடைசி வரிக்கு வந்தேன். 'இத்துடன் இக்கட்டுரை ஜெபத்துடன் இனிதே முடிவுற்றது' என்று எழுதி, கீழே 'காரியதரிசி' என்று கையெழுத்தும் போட்டிருந்தாள். பத்து வருஷமாகச் சங்க அறிக்கை எழுதிய கை. இப்படி எழுதினால் திருத்துகிறவர்கள் சிரிப்பார்கள், அடித்துவிடு என்றேன். கையெழுத்தை அடித்தாள். மேலே இருந்த வரியை அடிக்க மனசு வராமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்:

"ஜெபம் பண்ணாம எதையும் முடிச்சுப் பழக்கமில்லையேடீ. சின்ன எழுத்துல எழுதிடவா?"

மூன்று நாள்

சிரித்துக்கொண்டே சொல்ல முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் எனக்குத் திருப்புதல் தேர்வு. அதே வாரத்தில் லெந்து என்கிற தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஆராதனைகள் வேறு தொடங்கின. இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. விடியற்காலையில் அம்மா ஒரே தேற்றத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டாள். எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ தெரியவில்லை. "நீ பாஸாயி என்னம்மா ஆவப்போவுது? எனக்குத்தான காலேஜு" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா புத்தகத்தை மூடினாள். எழுந்து போய்ப் பாத்திரம் துலக்க ஆரம்பித்தாள். அன்றைக்கும் படிக்கவில்லை, அடுத்த நாளும் படிக்கவில்லை. என்மேல் கோபம் காட்டவும் இல்லை. வழக்கம்போல எழுப்பினாள், எண்ணெய் வைத்துத் தலை பின்னினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்கு மன்னிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவள், சமையற்கட்டு வாசலில் நின்று நின்று திரும்பினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டது. அப்பா. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவர், குளிக்காமல், களிமண் வெள்ளையோடு அடுப்பைப் பற்றவைத்து வரக்காப்பி போட்டிருந்தார். கம்பெனியில் கழித்துப்போட்ட கோணல் கப்புகள்தான் எங்கள் வீட்டில் எல்லாம். அதில் இரண்டு கப்பை எடுத்து வந்து என் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒன்றும், எதிர்ப்பக்கம் காலி இடத்தில் ஒன்றும் வைத்தார். அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து, "தப்புதாம்மா, வாம்மா" என்றேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு இதுதான்:

"ரெண்டு பேரும் படிக்கறதா இருந்தா தெனம் போட்டுத் தரேன். ஒருத்திக்காக அடுப்பு மூட்டறது எனக்குக் கட்டுப்படி ஆவாது."

அஞ்சாவது வாட்டி

பரீட்சை அன்று இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்பினோம். ஒரே பள்ளிக்கூடம்தான் சென்டர். எங்களுக்கு முன்கட்டு, தனித்தேர்வர்களுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகை. அம்மா கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கஞ்சி போட்ட புடவை கட்டி, உள்ளங்கைக்குள் ஹால் டிக்கெட்டை மடித்து வைத்திருந்தாள். கொட்டகை வாசலில் நின்ற சார், பெற்றோர்களெல்லாம் வெளியே போகலாம், பிள்ளைகள் தைரியமாக எழுதட்டும் என்று மரியாதையாகச் சொல்லி அம்மாவை வெளி கேட் பக்கம் திருப்பிவிட்டார். அம்மாவும் எதிர்த்துப் பேசப் பழகாதவள். பத்தடி நடந்தே போய்விட்டாள். முன்கட்டு வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டு நான் ஓடி வந்து விஷயத்தைச் சொல்ல, அந்த சார் ஹால் டிக்கெட்டில் இருந்த பெயரை இரண்டு தடவை படித்துவிட்டு, அம்மாவை இடம் வரை கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தார்.

மீதியை அம்மா சாயங்காலம் சொன்னாள். உட்கார்ந்ததும் பயத்தில் பேனா மூடியைத் திறக்கவே வரவில்லையாம். பக்கத்து பெஞ்சில் பெண்ணாடத்துக்காரர் ஒருவர், மீசையெல்லாம் வைத்த ஆள், முப்பது வயதிருக்கும், சாவகாசமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாராம். அம்மாவின் பேனாவை வாங்கித் திறந்து கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார்:

"பயப்படாதீங்கக்கா. நமக்கு இது அஞ்சாவது வாட்டி. மொத வருசம்தான் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் பழகிடும்."

கடைசிப் பக்கம்

ரிசல்ட்டு வருகிற அன்று பேப்பர் ரயிலில்தான் ஜங்ஷனுக்கு வரும். அப்பா சைக்கிளில் போய் வாங்கி வந்தார். கூடத்தில் விரித்துவைத்துத் தேடினோம். என் நம்பர் இருந்தது. தம்பிகள் குதித்தார்கள். அம்மா என்னைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "என்னுதப் பாருங்க" என்றாள். அப்பா விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். இரண்டு முறை இறங்கினார். நானும் பார்த்தேன். அம்மா நம்பர் இல்லை.

"சரி, ஒண்ணாவது தேறுச்சே" என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்துபோய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். அழுதால் வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றுதான். எனக்குப் பாஸான சந்தோஷம் எங்கே போனது என்றே தெரியவில்லை. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்தரை மணிக்கு வெயிலில் குடை பிடித்துக்கொண்டு சரோஜா டீச்சர் வந்தார். எங்கள் வீட்டுக்கு அதுதான் அவர் முதல் தடவை. வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா எங்கே என்றார். வெங்காயக் கையோடு அம்மா வந்து நின்றாள். டீச்சர் தன் கையிலிருந்த பேப்பரைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். தனித்தேர்வர் நம்பர்களையெல்லாம் தனியாக அங்கே போட்டிருந்தார்கள். பாதிப் பக்கம் சினிமா விளம்பரம், அதற்குக் கீழே பொடி எழுத்தில். டீச்சர் சிவப்புப் பென்சிலால் சுழித்து வைத்திருந்தது அம்மாவின் நம்பர்.

இவ்வளவு நேரமும் அது எங்கள் வீட்டுக்குள்ளேயேதான் மடித்துக் கிடந்திருக்கிறது. ஏன் அந்தப் பக்கத்தைப் பார்க்கவில்லை என்று டீச்சர் ஆச்சரியப்பட்டார். அம்மா அழுகையும் சிரிப்புமாக, கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"சினிமாப் பக்கம்னு எங்க வூட்ல யாரும் அதப் பிரிக்கறதில்லீங்க டீச்சர். இனிமே பிரிக்கச் சொல்றேன்."

வரிசை

பரீட்சை பாஸான பிள்ளைகளை ஜூன் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை முன்னால் கூப்பிட்டு, சபையார் பேனா ஒன்று பரிசளிப்பது எங்கள் சர்ச்சில் வழக்கம். அந்த வருஷம் ஐந்து பேர். பெயர் பெயராக வாசித்தார் ஐயர். நான்காவதாக என் பெயர். போய் நின்றேன். ஐந்தாவது பெயரை வாசிக்கும் முன், சபை ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நிறுத்தினார். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாராள் அம்மா" என்று வாசித்தார். ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஐயரம்மா திரும்பிக் கணவரை முறைத்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. அவர் உண்மையிலேயே ஒருவரிடமும் சொல்லவில்லை. பிறகு மாதர் சங்கத்து அம்மாக்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அம்மாவை முதுகில் தட்டி, தள்ளி, முன்னால் அனுப்பினார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் வரிசையில் கடைசி ஆளாக என் பக்கத்தில் வந்து நின்றாள். பேனாவைக் கொடுக்கும்போது ஐயர் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் சர்ச்சு முழுக்கக் கேட்டது:

"சாராள்னு பேரு வச்சா எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தான் கெடைக்கும்மா. ஆனா கெடைச்சிடும்."

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்

மார்க்கு எழுதிய புத்தகங்கள் வந்தபோது கணக்குப் பக்கத்தை இரண்டு பேரும் ஒன்றாகத் திறந்தோம். எனக்கு நாற்பத்தாறு. அம்மாவுக்கு ஐம்பத்துமூன்று. அப்பா இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நான் கடலூருக்குப் பெட்டி கட்டினேன். அம்மா அடுத்த வருஷமே பாலவாடி ஒன்றில் சின்னக் குழந்தைகளுக்கு டீச்சராகப் போனாள். என்னை பஸ் ஏற்றிவிட எல்லாரும் வந்திருந்தார்கள். போயிட்டு வரேன் என்று சொல்லி நான் ஏறியதும், ஜன்னல் வழியாக அப்பா ஒரு யோசனை சொன்னார்:

"அங்க கணக்கு வெளங்கலன்னா வெக்கப்படாம வூட்டுக்கு ஒரு கார்டு போடு. அம்மா போட்டு அனுப்பும்."

படித்துத் தேறியதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு காலேஜ். சொல்லிக்கொடுத்ததற்குக் கிடைத்தது, 'எங்கம்மாவை விட ஏழு மார்க்கு கம்மி' என்று இன்றைக்கும் நானே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டியிருக்கிற நிலைமை.